எழுதாத பக்கத்தில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 11

'பெலிக்ஸைக் கெட்டவனாக்கி விடாதீர்கள், பாவம்' என்று பொன்னமராவதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான் என்ன செய்யட்டும் அம்மா? நானும் அவனை நல்லவன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த வாரத்தைப் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூலாங்காடு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அன்புமொழிதான் தலைவி. சம்பளம் கிடையாது. நாற்காலிகூடக் கிடையாது, கூட்டத்தில் தரையில்தான் உட்காருவாள். ஆனால் பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது, சுற்றி முள்வேலி போய்ச் சுவர் நிற்கிறது, தெருவிளக்கு எரிகிறது என்றால் அதில் எல்லாம் அவளும் அவள் குழுப் பெண்களும் நடந்த நடை இருக்கிறது. காலையில் ஒரு பஸ் ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும் என்பது இப்போதைய மனு.

கோடை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, பதினாறு பிள்ளைகளைத் தக்கவைத்திருந்தாள். பதினைந்துக்குக் கீழே போனால் இரண்டாவது டீச்சர் கார்த்திகாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் மேய்க்கிற பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டியதுதான்.

அவள் கணவன் பெலிக்ஸ், கந்தர்வக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான். மனைவி பிள்ளைகளை ஊருக்குள் நிறுத்தப் பார்க்கிறாள், கணவன் ஊருக்கு வெளியே ஏற்றிக்கொண்டு போகிறான். இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் ஊரில் இல்லை.

போன வெள்ளிக்கிழமைக் கூட்டம் நல்லபடியாக முடிந்ததைப் போன வாரம் பார்த்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கலைந்தார்கள். அதோடு முடிந்தது என்று அன்புமொழி நினைத்தாள். நானும் அப்படித்தான் எழுதி முடித்திருந்தேன்.

* * *

இந்த வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார், பிள்ளைகளை எண்ணிப் பார்க்க; குழுவும் அப்போதே கூடுகிறது.

விடிந்ததிலிருந்து அன்புமொழி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்த கறை விரல் நுனியில் கறுப்பாய் அப்பியிருந்தது. என்ன தேய்த்தாலும் ஒரு வாரத்துக்குப் போகாது.

"அன்பு, இன்னைக்கு நானே இளமதியப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுடறேன். அங்கேயே காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கட்டும். ஒனக்கு ஆயிரம் வேலை கெடக்கும்" என்றான் பெலிக்ஸ்.

"அதிசயமா இருக்கு. மழை கொட்டப் போவுது பாருங்க."

அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் இளமதி, வேனின் முன்சீட்டில் ஏறி அம்மாவுக்குக் கை காட்டினாள். அப்பாவின் வேனில் ஏறக் கிடைப்பது அவளுக்குத் திருவிழா மாதிரி. அன்புமொழிக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று. பரவாயில்லை, மனுஷனுக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை எண்ணி மத்தியானம் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அப்போது தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் நெருடியது. நேற்று முழுக்க அவள் புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில், பஸ் மனுவோடு நின்றாள். சாயங்காலம் திரும்பிவந்து குழாயடிக்குப் போனால், குழுவின் மூத்த உறுப்பினர் அழகியக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். தன்னை விட்டுவிட்டு மனுக் கொடுக்கப் போனதில் கோபம் போலிருக்கிறது என்று அன்புமொழி விட்டுவிட்டாள்.

* * *

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடம் போனாள். வாசலில் கோலம், வகுப்பில் காகிதத் தோரணம். பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்து எண்ணினாள். பதினைந்து.

மறுபடி எண்ணினாள். பதினைந்துதான்.

"இளமதி எங்க டீச்சர்? பாத்ரூம் போயிருக்காளா?"

தலைமை ஆசிரியை பிரகதாம்பாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இது என்ன கேள்வி அன்புமொழி?"

"என்ன டீச்சர்?"

"நேத்து ஒன் வீட்டுக்காரர் வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாரே. இன்னைக்கு அவரு வேன் ஓட்டுற பள்ளிக்கூடத்துல சேத்திருப்பாரு. ஒண்ணுந் தெரியாத மாதிரி வந்து எங்கன்னு கேக்குற."

அன்புமொழிக்கு டீச்சரின் வாய் அசைவதுதான் தெரிந்தது.

"எந்த டி.சி.? யாருக்கு டி.சி.?"

டீச்சர் அலமாரியைத் திறந்து தீர்மான நோட்டை எடுத்து மேஜையில் போட்டார். போட்ட வேகத்தில் கோபம் தெரிந்தது. "நீயே படி. நீதான கையெழுத்துப் போட்டிருக்க."

போன வெள்ளிக்கிழமைப் பக்கம். குடிநீர்த் தொட்டி பற்றி ஒரு தீர்மானம். நூலகப் பெட்டி பற்றி இன்னொன்று. மூன்றாவதாக இது:

'என் மகள் இளமதியை வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால், குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து மனமுவந்து விலகிக்கொள்கிறேன். இதனைக் குழு ஏற்றுக்கொள்கிறது.'

அதன் கீழே 'அன்புமொழி பெலிக்ஸ்'. பக்கத்திலேயே அவள் கட்டைவிரலின் முந்திரிக் கறை, கறுப்பாக. மறுக்க முடியாது. அவள் போட்டதேதான். அதற்குக் கீழே அழகியக்காவிலிருந்து வரிசையாகப் பதினோரு பேர்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நூறு நாள் வேலையிலிருந்து ஓடிவருகிறவர்கள், மாடு அவிழ்க்க ஓட வேண்டியவர்கள், இப்படித்தான் உறுப்பினர்கள். கூட்டம் முடிகிற வரை யாராலும் இருக்க முடியாது. அதனால் வந்ததும் முதல் வேலை கையெழுத்து. வெறும் பக்கத்தின் அடியில் எல்லோரும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். பேசி முடிவானதை மேலே எழுதுவது அப்புறம். இரண்டு வருஷமாக இப்படித்தான். 'நமக்குள்ள என்ன?' என்பதுதான் இதற்கு அவர்கள் சொல்லும் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே அன்புமொழிதான்.

எழுதுகிறவள் ஷர்லி. பெலிக்ஸின் தங்கை. எம்.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், அச்சடித்த மாதிரி எழுதிக்கொண்டு வந்து கொடுப்பாள்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா டீச்சர்?"

"புதன்கிழமை சாயங்காலந்தான் நோட்டு எங் கைக்கு வந்துச்சு. படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. நேத்து நீ ஊர்லயே இல்ல. இவ்வளவு செஞ்ச பொண்ணு, மூஞ்சியப் பாத்துச் சொல்லாம நோட்டுல எழுதிட்டுப் போறாளேன்னு இருந்துச்சு. கேக்க மனசு வரல." டீச்சரின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "அப்ப நீ எழுதச் சொல்லலையா?"

அன்புமொழி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஐயோ" என்றார் பிரகதாம்பாள். "உடையப்பன் நேத்தே விண்ணப்பம் குடுத்துட்டான். அவனோட ரெண்டு புள்ளைக்கும் டி.சி. வேணுமாம். 'தலைவி புள்ளையே போயிருச்சு, எம் புள்ளைங்க மட்டும் இளப்பமா'ன்னு கேட்டான்."

பதினாறில் ஒன்று போய்ப் பதினைந்து. அதில் இரண்டு போனால் பதின்மூன்று. கணக்கு அவ்வளவுதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கார்த்திகா டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

* * *

அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டில்தான் ஷர்லி இருந்தாள். நோட்டோடு அண்ணி வந்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா அண்ணி."

"யாரு சொல்லி?"

"நீங்க சொன்னதா அண்ணன் சொல்லுச்சு." ஷர்லி குழம்பிப் போய்ப் பார்த்தாள். "அண்ணி நேர்ல சொல்லச் சங்கடப்படுது, நீயே நல்ல விதமா எழுதிக் குடுத்துருன்னுச்சு. நீங்க எங்கிட்டயும் அதைப் பத்திப் பேச வேணாம்னு சொன்னீங்களாம். நான் ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கேன். இவங்களே விட்டுட்டுப் போனா இந்தப் பள்ளிக்கூடத்த யாரு பாப்பான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அண்ணியின் முகம் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"அப்போ நீங்க சொல்லவே இல்லையா?"

"இல்லடி."

ஷர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவள் காலேஜுக்குப் போகப் பஸ் ஏற்றிவிட்டவன், ஃபீஸ் கட்டியவன், அவன்தான். அவன் ஒன்று சொன்னால் அது உண்மையா என்று கேட்கிற பழக்கமே அவளுக்கு இல்லை.

"வண்டிய எடு" என்றாள் அன்புமொழி. "கந்தர்வக்கோட்டை போவணும்."

ஸ்கூட்டியில் ஷர்லி ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டரும் அதேதான்.

* * *

அந்தப் பள்ளியின் மதிலோரம் வேன் நின்றிருந்தது. பெலிக்ஸ் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் இறங்கி வந்தான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறான்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"அன்பு, இங்க சத்தம் போடாத."

"நான் சத்தமே போடலையே. ஏன்னுதான் கேக்குறேன்."

பெலிக்ஸ் தங்கையைப் பார்க்க முடியாமல் டயரைப் பார்த்தான். "தாளாளர் ரூமுக்குக் கூப்பிட்டாரு. 'ஒம் பொண்டாட்டி நம்ம ரூட்லயே புள்ள புடிக்குதாமே. ஒம் புள்ளையே நம்மகிட்ட இல்லாட்டி எவன் இங்க சேப்பான்? ஒண்ணு புள்ளையக் கொண்டா, இல்ல வேன் சாவியக் குடு'ன்னாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, சாவியக் குடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவ. சொல்லுவியா மாட்டியா?"

சொல்லியிருப்பாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரி, டி.சி. வாங்குனீங்க. எம் பேர்ல வெலகுறேன்னு எழுதுனது எதுக்கு?"

"புள்ள அங்க படிக்கிற அம்மாதான் தலைவியா இருக்க முடியும்னு நீதான சொல்லியிருக்க. எப்படியும் பதவி போயிரும். நாலு பேரு முன்னாடி எறக்கி விடுறதுக்கு, நீயே மரியாதையா வெலகின மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன். சத்தியமா ஒன் நல்லதுக்குத்தான் நெனச்சேன் அன்பு."

"என்னையவும் ஏமாத்தி எழுத வச்சிட்டியேண்ணே" என்றாள் ஷர்லி.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நாலாவதாக இளமதி. புது நீலச் சட்டை, கழுத்தில் டை. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அழுவவே இல்லம்மா. நீங்கதான் இங்க சேக்கச் சொன்னீங்க, அழுதா அம்மா வருத்தப்படும்னு அப்பா சொன்னாரு. சமர்த்தா இருந்தேன்."

நோட்டில் இருந்த வரிகளைப் படித்தபோதுகூட அன்புமொழி அழவில்லை. இப்போது அழுதாள். பெற்ற பிள்ளையும் காலையிலிருந்து அந்தப் பொய்யை நம்பி, அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கூட்டிப் போகலாம் என்றால், சேர்த்தவர் அப்பா, அவர் எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவோம் என்றார் வாட்ச்மேன். பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்புமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு மணிக்குக் கூட்டம். வாங்க."

"வேன் நம்ம ஊருக்குள்ள வர நாலு பத்து ஆயிரும்."

"தெரியும். நீங்க வர்ற வரைக்கும் நான் கூட்டத்தக் கலைக்கிறதா இல்ல."

* * *

அலுவலர் அம்மா சரியான நேரத்துக்கு வந்தார். பிள்ளைகளை எண்ணினார், பதிவேட்டைப் பார்த்தார், உடையப்பனின் விண்ணப்பத்தைப் பார்த்தார். தீர்மான நோட்டையும் படித்தார். குழுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அன்புமொழியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள்.

"கையெழுத்து என்னோடதுதான். மேல எழுதியிருக்கறது என்னோடது இல்ல. எம் புள்ள போனதே இன்னைக்குக் காலைலதான் எனக்குத் தெரியும்."

அழகியக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன தாயி சொல்ற? நாங்க எல்லாம் ஒன்னைய வாய்க்கு வந்தபடி ஏசிட்டுக் கெடந்தோமே!"

"ஏசுனதுல தப்பில்லக்கா. எழுதாத பக்கத்துல போடலாம்னு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்."

"அடி ஆத்தி. அப்போ அதுல எங் கையெழுத்தும்ல இருக்கு? நீ போறதுக்கு நானுமா சம்மதம் குடுத்தேன்?" அழகியக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஷர்லி சுவரோரமாய் எழுந்து நின்றாள். "எழுதினது நான். அண்ணி சொன்னதா நெனச்சு எழுதிட்டேன்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்கம்மா, இந்த நோட்டுல என்ன இருக்கோ அதுதான் எனக்குத் தெரியும். அதை ரத்து செய்யணும்னா குழு இன்னொரு தீர்மானம் போடணும். எப்படி நடந்துச்சு, யாரு சொல்லி நடந்துச்சுன்னு காரணத்தோட இருக்கணும். திங்கக்கிழமை சாயங்காலம் எண்ணிக்கைய முடிச்சு அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"புள்ள திரும்பி வருமா? அதைச் சொல்லு" என்றான் உடையப்பன், வாசல்படியிலிருந்து. "வந்தா எம் புள்ளைங்களும் இருக்கும். வராட்டி இல்ல. நான் பேச்சு மாற மாட்டேன்."

"வரும்" என்றாள் அன்புமொழி. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

புதுப் பக்கத்தைத் திருப்பி வைத்தார் பிரகதாம்பாள் டீச்சர். உடனே அழகியக்கா எழுந்து வந்தாள், முழங்காலில் கை ஊன்றி. பேனாவை எடுத்தாள். பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதப் போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டினார்கள்.

"நீ என்ன வேணா எழுதிக்க தாயி. நாங்க போட்டுட்டுப் போறோம். ஒம் மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு."

அன்புமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து வாங்கிய அடியெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சட்டென்று கையை நீட்டி அந்தப் பக்கத்தை மூடினாள்.

"வேணாம்க்கா. இனிமே இங்க யாரும் வெறும் தாள்ல போடக் கூடாது. முதல்ல எழுதுவோம். எழுதினதச் சத்தமாப் படிப்போம். அப்புறம் போடுங்க. மாடு கத்துனாலும் பரவாயில்ல, இருந்துட்டுப் போங்க."

ஷர்லி எழுத வந்தாள். "நான் எழுதறேன். அண்ணனப் பத்தி ஒன் கையால எழுத வேணாம்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் அன்புமொழி. கோணல் மாணலாக, அடித்துத் திருத்தி, அரை மணி நேரம் எழுதினாள். முடித்ததும் எழுந்து நின்று படித்தாள்.

"போன கூட்டத்தின் மூன்றாவது தீர்மானம் எனக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, அதை ரத்து செய்கிறோம். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டது எங்கள் எல்லோருடைய தவறு. அதை எழுதச் சொன்னவர் என் கணவர்..."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. நாலு பத்து.

வேன் கேட்டை ஒட்டி நின்றது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இளமதி முதலில் குதித்து ஓடிவந்து, டையைத் தலை வழியே உருவிப் போட்டுவிட்டுத் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பெலிக்ஸ், கையில் வேன் சாவியோடு.

அன்புமொழி நிறுத்தவில்லை.

"...என் கணவர் பெலிக்ஸ். மகள் இளமதி இந்தப் பள்ளியிலேயே படிப்பாள். அவளைத் திரும்பச் சேர்க்க அவர் சம்மதிக்கிறார்."

பதினோரு பெண்களும் வாசலைப் பார்த்தார்கள். உடையப்பன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பெலிக்ஸ் உள்ளே வந்தான். ஊருக்கு முன்னால் தன் பெயரைச் சொல்லிவிட்டாளே என்ற அதிர்ச்சியில் அவன் முகம் வெளுத்திருந்தது.

"கடைசி வரி அவர் சம்மதிச்சாத்தான் செல்லும்" என்றார் அலுவலர்.

அன்புமொழி நோட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். கறுத்த விரல்களால் பேனாவை நீட்டினாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

பெலிக்ஸ் ஒரு கையில் சாவி, ஒரு கையில் பேனாவோடு நின்று படித்தான். வெளியே வேனில் ஒரு பிள்ளை ஹாரனை அழுத்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை மெதுவாக மேஜை மேல் வைத்தான். பிறகு முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படிக்க ஆரம்பித்தான்.